அத்தானின் இரண்டாம் பாஷை

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த மெழுகுத்துணிப் பைதான். ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்த பிறகு அத்தையும் அவள் பிள்ளையான அத்தானும் நடந்தும் படகிலும் ரயிலிலுமாகக் கல்கத்தா வந்து, அங்கிருந்து ஒரு பங்குனி மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அவள் கணவர், என் அத்திம்பேர், ஆபீஸை விட்டு வர மனமில்லாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டார். அழுகையெல்லாம் ஓய்ந்து அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்ததும், அத்தான் கிணற்றடிக்குப் போகும் முன் அந்தப் பையை அவிழ்த்து, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "இது மட்டும் நனையக் கூடாது" என்றார். வேர்வையில் ஊறி, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இருந்தவை ரங்கூன் கல்லூரி கொடுத்த சர்ட்டிபிகேட்டுகள். அத்தையின் வளையல்கள் வழியிலேயே போய்விட்டன, வெள்ளிப் பாத்திரங்கள் துறைமுகத்தில் நின்றுவிட்டன, இந்தக் காகிதங்கள் மட்டும் ஊர் வந்து சேர்ந்தன.

எனக்கு அப்போது பதினேழு வயது. அத்தை பிள்ளை என்றால் எங்கள் வீடுகளில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அத்தை ஒரு வாரத்திற்குள் சொல்லிவிட்டாள். அப்பா மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பையன் தங்கம்தான். ஆனா கால் ஊன்ற ஒரு இடம் வேண்டாமா? பி.ஏ. முடிக்கட்டும். முடிச்ச அன்னிக்கே நாள் பார்த்துடறேன்" என்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அன்று எத்தனை தடவை களைந்தேன் என்று தெரியாது, அம்மா வந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்த நிமிஷத்திலிருந்து அத்தானுடைய பி.ஏ. என்னுடைய பி.ஏ. ஆகிவிட்டது.

அத்தான் ரங்கூனில் இன்டர்மீடியட் தேறி, பி.ஏ.யில் ஒரு வருஷமும் முடித்திருந்தார். மிச்சம் ஒரே ஒரு வருஷம். அங்கே படித்தது இங்கே செல்லுமா என்பதுதான் கேள்வி. காவேரிப் பாலத்தைத் தாண்டி டவுனில் இருந்த ஒரு கல்லூரியின் பிரின்ஸிபால், பாவம், நல்ல மனுஷர், பர்மாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகச் சர்வகலாசாலைக்கு எழுதிக் கேட்டார். பதில் வருவதற்குள் ஆனி பிறந்துவிட்டது. இங்கிலீஷ் செல்லும், சரித்திரம் செல்லும், பொருளாதாரம் செல்லும். ஆனால் இரண்டாம் பாஷையாக அத்தான் படித்திருந்தது பர்மிய பாஷை. அது செல்லாது. எந்தப் பாடத்தைச் சிறப்பாகப் படித்தாலும் இங்கிலீஷும் இன்னொரு பாஷையும் எல்லோருக்கும் பொது, அதில் தேறாமல் பட்டம் கிடையாது. எனவே தமிழோ சமஸ்கிருதமோ எடுத்து, வருஷம் முழுக்க அந்த வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுத வேண்டும். ஒன்றை எடுத்த பிறகு நடுவில் மாற்றிக்கொள்ளவும் கூடாது.

அத்தான் பர்மிய பாஷையில் கடைக்காரனோடு பேரம் பேசுவார், பாடுவார். தூக்கத்தில் உளறுவது கூட அதில்தான் என்று அத்தை சொல்வாள். அவருக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒன்றை, தெரியாததாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. "இங்க யாருக்கும் தெரியாத பாஷையை யார் திருத்துவா?" என்று சிரித்தார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. இப்போது என் தம்பியின் பேத்தி பெங்களூரில் பாதிப் படிப்பில் கல்லூரி மாறினாள். அங்கே படித்ததெல்லாம் கிரெடிட்டாக இங்கே வந்துவிட்டது என்று டெலிபோனில் சொன்னாள், ஏதோ வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி அனுப்பினது போல. "அப்படியா கண்ணு, ரொம்ப சந்தோஷம்" என்றேன். போனை வைத்த பிறகு நெடுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தமிழா சமஸ்கிருதமா என்று அப்பா யோசிக்கவே இல்லை. எங்கள் சித்திரை வீதியில் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் சமஸ்கிருதம்தான். மார்க் அள்ளிக் கொட்டும், விடையைப் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே எழுதலாம் என்பார்கள். அதோடு அப்பா கோயிலில் வேத பாராயண கோஷ்டியில் இருந்தவர். அத்தான் வந்த மறுவாரம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்வரம் பிசகாமல், புஸ்தகம் இல்லாமல், கூடவே சொல்லிக்கொண்டு போனார். ரங்கூனில் தினமும் விடியற்காலையில் அத்திம்பேர் ஒரு தடவை சொல்ல, பிள்ளை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, வாய்வழியாகவே கற்றுக்கொண்டது. அப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "கடல் தாண்டிப் போயும் விடலை பாருங்கோ!" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். கல்லூரியில் கொண்டுபோய்ச் சமஸ்கிருதம் என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து அழைத்து வந்துவிட்டார்.

தீபாவளி முடிந்த ஒரு சனிக்கிழமை அத்தான் பாடப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்திற்கு வந்தார். அத்தை அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள், நான் உலர்த்திக்கொண்டிருந்தேன். புஸ்தகத்தை என் முன்னால் விரித்து ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, "நீ ஹிந்தி கிளாஸ் போறியே, இது என்ன எழுத்து?" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஹிந்திக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான நாகரியில் அவருக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அத்தனை மாதமும் வகுப்பில் பண்டிதர் வாசிப்பதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து ஒப்பித்து, நல்ல பெயரும் வாங்கி, காலத்தை ஓட்டியிருக்கிறார். அர்த்தம் முக்கால்வாசி தெரியாது. "மாமாகிட்ட எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் சொல்லிண்டு வந்திருக்கார்" என்றார். அத்தை அப்பளக் குழவியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் சாமர்த்தியசாலி என்று எனக்கு ஒரு நினைப்பு. எனக்குப் படிக்க ஆசை என்ற பாவனையில் அந்தப் புஸ்தகத்தை அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அர்த்தம் சொன்னால் அத்தானிடம் ஒப்பிக்கலாம் என்று. அப்பா புஸ்தகத்தை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கிரந்த எழுத்துல போட்டிருந்தா ஒரு மூச்சில படிச்சுடுவேன். இந்த வடக்கத்தி எழுத்து யாருக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொம்மனாட்டிக்கு ஹிந்தி எதற்கு என்று வருஷக் கணக்காக முணுமுணுத்தவர் அவர். ஊருக்கே வேதம் சொல்லும் வீட்டில் நாகரி படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான் என்று அன்று தெரிந்தது. கிணற்றடியில் போய் நின்று சிரித்தேன். பயமும் சேர்ந்துகொண்டதால் சிரிப்பு சரியாக வரவில்லை.

அப்பா கோயிலுக்குப் போயிருக்கும் சாயங்கால நேரங்களில், அத்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, நான் அத்தானுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். "கொடியில வேஷ்டி உலர்த்தின மாதிரி எல்லாம் தொங்கறதே" என்பார். பர்மிய எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக, வடை தட்டிப் போட்டது போல இருக்கும் என்று எழுதிக் காட்டுவார். என்னை "வாத்தியாரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். தனித்தனி எழுத்து ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. இரண்டு மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும் இடங்களில்தான் திணறுவார். ஆனால் ஒரு வார்த்தையைக் கஷ்டப்பட்டுக் கூட்டி முடித்ததும் சில சமயம் முகம் மலரும். "அட, இதுவா! இதைத்தான் நான் இத்தனை வருஷமாச் சொல்லிண்டிருக்கேனா!" என்பார். காதால் மட்டும் அறிந்திருந்த வார்த்தையைக் கண்ணால் பார்க்கிற சந்தோஷம் அது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானமெல்லாம் அகராதியைப் புரட்டிக் கடினமான வார்த்தைகளை எடுத்து வைத்திருப்பேன். வெளிச்சம் குறைந்து, கோயில் மணி கேட்டு, அப்பா வரும் நேரமாகிவிட்டது என்று அத்தை விளக்கேற்ற எழுந்தால் எனக்கு அவள் மேல் கோபமாக வரும். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல சாயங்காலங்கள் வந்தன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது போல ஒன்று வரவில்லை.

பரீட்சை முடிந்து அத்தான் பாலத்தின் வழியாக நடந்தே வந்தார். கரி போட்டு ஓடுகிற யுத்தகால பஸ் ஏதோ ஒன்று மூச்சு வாங்கி வழியில் நின்றுவிட்டதாம். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். "தெரிஞ்சதுதான் எல்லாம். படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டான்" என்றார். பேப்பரில் ரிசல்ட் வந்தபோது முதல் பாகமான இங்கிலீஷில் அவர் நம்பர் இருந்தது. மூன்றாம் பாகமான சிறப்புப் பாடத்திலும் இருந்தது. இரண்டாம் பாஷைக்கான இரண்டாம் பாகத்தில் அவருக்கு முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் இருந்தார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சமஸ்கிருதத்துல போய் ஃபெயில் ஆவானோ ஒருத்தன்!" என்றார். அதைக் கேட்டு அத்தான் தலையைக் குனிந்துகொண்டது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

புரட்டாசியில் மறுபடி எழுதலாம் என்று இருந்தது. ஆனால் மாமா வீட்டுச் சாப்பாட்டில் இன்னும் எத்தனை மாதம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பூனாவில் ராணுவக் கணக்கு ஆபீஸில், இன்டர்மீடியட் போதும் என்று ஆள் எடுத்தார்கள். போகிற அன்று எல்லோர் எதிரிலும், "புரட்டாசிக்கு லீவு போட்டுண்டு வந்து எழுதிடறேன், மாமா" என்றார். சொன்னது அப்பாவிடம், பார்த்தது என்னை. யுத்தகாலத்தில் அவருக்கு யார் லீவு கொடுப்பார்கள்? அந்தப் புரட்டாசி போயிற்று, அடுத்ததும் போயிற்று. கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பா தயங்கினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தைதான் கூடத்துக்கு வந்து, "அண்ணா, என் பிள்ளைக்காகக் குழந்தையை நிறுத்தி வைக்காதீங்கோ" என்றாள். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள். "அவனுக்கு நாகரி எழுத்தே தெரியாது, அண்ணா. இவதான் சொல்லிக் கொடுத்தா." "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் அப்பா. "நீங்க கேக்கலையே அண்ணா" என்றாள் அத்தை. என்னையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் அகத்துக்காரர் நல்லவர், திருவானைக்காவலில் குடித்தனம் வைத்தார், என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, ஒரு நாள் நான் குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான் வந்தார். அத்திம்பேர் ரங்கூனிலேயே காலமான செய்தி உறுதியாகி, அத்தையைப் பூனாவுக்கு அழைத்துப் போக வந்திருந்தார். நெற்றி ஏறிவிட்டிருந்தது. அப்பாவை நமஸ்காரம் பண்ணி எழுந்தவர், "மாமா, பார்ட் டூ பாஸ் பண்ணிட்டேன்" என்றார். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "தமிழ் எடுத்துண்டியா?" என்றார். "இல்லை மாமா, சமஸ்கிருதம்தான்." அப்பா அவர் தோளைத் தொடப் போனார், தொடவில்லை. "சாப்பிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூஜை செய்யும் பெருமாள் உள்ளுக்குள் போனவர் இலை போடும் வரைக்கும் வெளியே வரவில்லை.

சாப்பாடு ஆன பிறகு நான் கூடத்தில் அவருக்குக் குடிக்கத் தீர்த்தம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆபீஸில் அந்தப் பட்டத்தால் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை என்று அத்தை ஏற்கனவே சொல்லியிருந்தாள். "இப்போ எதுக்கு அத்தான் இத்தனை சிரமப்பட்டேள்?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சொல்லிக் கொடுத்தது வீணாப் போயிடக் கூடாதுன்னுதான்" என்றார். குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு, அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற குதிரைவண்டிக்குப் போனார்.

அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. பூனாவிலேயே இருந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே அங்கேயே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் இரண்டு தேசங்களில் படித்தது கடைசியில் ஒன்றாகக் கூடி ஒரு பட்டமாகிவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவருக்காக நான் காத்திருந்த நாட்கள்தான் எங்கேயும் செல்லுபடியாகவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் அவற்றை நானேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.