செம்புத் தண்ணீரும் கைபேசியும்

சால்கே முர்மு ஒடிசாவில் எங்கள் சந்தால் கிராமமான ஜாம்டிஹாவுக்கு மருமகளாக வந்தது 2008 மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று வீடியோ எடுத்தவன் மணப்பெண்ணை விட்டுவிட்டுப் பந்தியையே எடுத்துக்கொண்டிருந்தான் என்று பல வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோபமே தொழிலாயிற்று என்பது என் கணிப்பு. 2013இல் ராய்ரங்பூர் ஸ்டூடியோ ஒன்றில் விளக்குப் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் கேமரா கைக்கு வந்தது, கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்தை எடுக்க மட்டும்.

அவள் எடுக்க ஆசைப்பட்டது வேறொன்று. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணி உண்டு. ஜெயித்தால் பரிசு ஒரு கிடா. பதினொரு போட்டிகளில் இரண்டு கிடா வாங்கியிருக்கிறார்கள்; கணக்கை நோட்டில் குறித்து வைப்பது நான். கோல் காப்பவள் மைனோ, ஊர்த்தலைவர் மாஞ்ஜி சிங்ராய் துடுவின் மனைவி, வயது ஐம்பத்திரண்டு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தின் மேல் பாய்வாள். பந்து உள்ளே போய்விட்டால் நடுவர்மேல் பாய்வாள்.

விடுமுறை நாட்களில் ஸ்டூடியோ கேமராவை இரவல் வாங்கி அவர்களைப் பற்றிய படத்தைப் பாதிவரை எடுத்து வைத்திருந்தாள் சால்கே. 2023 ஜனவரி முதல் இரவல் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜனவரி நடுவில் சங்கராந்திப் போட்டி. அது இல்லாமல் படம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புவனேஸ்வர் அறக்கட்டளை ஒன்றின் அறிவிப்பு வந்தது. சொந்த ஊரின் கதையைப் படமெடுக்க நினைத்து, அதுவரை யாரிடமும் உதவி கிடைக்காதவர்களுக்கு அவர்கள் நிதி தருகிறார்கள். விண்ணப்பித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நேர்காணலுக்கு எடுத்தது ஒன்பது பேரை. நிதி மூவருக்கு. 2022 டிசம்பர் ஏழாம் தேதி காலை பதினொரு மணிக்கு, இருபது நிமிடம், கைபேசி வீடியோவில் உங்கள் குழுவோடு சேர்ந்து எங்களிடம் பேசுங்கள் என்று சால்கேவுக்குக் கடிதம் வந்தது.

குழு என்றால் படத்தில் வருகிறவர்கள்தானே என்று அவள் எண்ணினாள். வெளியிலிருந்து கேள்வி வந்தால் ஊரே உட்கார்ந்து பதில் சொல்வது எங்கள் வழக்கம். எனவே நெல்லடிப்பதை நிறுத்திவிட்டு அறுபத்தொரு பேர் மைதானத்துக்கு வந்தார்கள். மேற்குக் கோல் கம்பத்தருகேதான் சிக்னல் நிற்கும். கைபேசியை அதில் கட்டினாள். சற்றுத் தள்ளி ஸ்டூடியோ கேமராவை நிறுத்தி, பழக்கதோஷத்தில் ஓடவிட்டாள்.

அழைப்பு வந்தபோது மணி பதினொன்று இரண்டு. திரையில் இரண்டு பெண்கள், ஓர் ஆண். மைனோ பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கைபேசிக்கு முன்னால் தரையில் வைத்து, குனிந்து ஜோஹார் என்று வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கினாள். வந்தவர் தண்ணீரைத் தொடாமல் எங்கள் பக்கம் பேச்சு தொடங்காது. முந்திக்கொண்டு பேசினால் அவமரியாதை. அறுபத்தொரு பேரும் செம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திரையிலிருந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். யாரும் அசையவில்லை.

"படம் அப்படியே நின்னுபோச்சு போல, கட் பண்ணிடலாம்" என்றது ஆண்குரல். மணி பதினொன்று ஆறு.

சால்கே ஆறு முறை கூப்பிட்டாள். அங்கே அடுத்த விண்ணப்பதாரரிடம் போய்விட்டிருந்தார்கள். பதினொன்று இருபத்திரண்டுக்கு அவளுடைய நேரம் முடிந்தது.

மாஞ்ஜி மனைவியைப் பிடித்துக்கொண்டார். "போன்லேருந்து கை எப்படி நீளும்? கொஞ்சமாச்சும் யோசிச்சியா?"

"மாஞ்ஜியாரே, அப்போ நீங்க ஏன் வாயத் தெறக்கல? நீங்களும் செம்பத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"விடுங்கத்தே, நானும்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் சால்கே. எல்லோரும் நெல் களத்துக்குத் திரும்பினார்கள்.

பிற்பகலில் கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதில் பதிவாகியிருந்ததைப் போட்டுப் பார்த்தாள். கம்பத்தில் கட்டிய கைபேசி. கீழே செம்பு. சத்தமில்லாத அறுபத்தொரு முகங்கள். இந்த விருந்தாளிகளுக்கு மரியாதை தெரியவில்லையே என்று மைனோவின் முகம் கொஞ்சங்கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. மூன்றாம் நிமிடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி செம்பை முகர வருகிறது. திட்டினால் பேசியதாகிவிடும். மைனோ வாய் திறக்காமல், பந்தைத் தடுப்பதுபோலவே இடது காலை நீட்டி அதைத் தடுக்கிறாள்.

ஓர் இடமும் வெட்டாமல் அந்த நான்கு நிமிடத்தை அறக்கட்டளைக்கு அனுப்பினாள் சால்கே. கூடவே எழுதியது இரண்டே வரி. "நெட்வொர்க் நிற்கவில்லை. நீங்கள் தண்ணீர் குடிப்பதற்காகக் காத்திருந்தோம்."

ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மறுபடி அழைப்பு. இந்தத் தடவை நாங்கள் எழுபத்துநான்கு பேர். மைனோ செம்பை வைத்தாள். திரையில் மூத்த அம்மாள் ஒரு தம்ளரை எங்களுக்குக் காட்டி முழுவதும் குடித்தார். மற்ற பெண்ணும் குடித்தார். ஆண் ஒரு கோப்பையை உயர்த்தினார்.

"அது டீ" என்றாள் மைனோ.

மைதானமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார். "இப்ப கேளுங்க" என்றார் மாஞ்ஜி.

இது யாருடைய படம் என்று கேட்டார் மூத்த அம்மாள். முறைப்படி மாஞ்ஜிதான் பதில் சொல்லவேண்டும். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு என்ன நினைத்தாரோ, சால்கே பக்கம் கையைக் காட்டினார்.

"கதை ஊரோடது. எங்க நின்னு பாக்கணும்னு முடிவு பண்றது நான்" என்றாள் சால்கே.

ஜனவரி ஆறாம் தேதி, அறக்கட்டளை தந்த நிதியில் வாங்கிய அவளுடைய சொந்தக் கேமரா வந்து சேர்ந்தது. பதினைந்தாம் தேதிப் போட்டியை அதில்தான் எடுத்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். முடிந்த படத்தை அதே மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டியபோது எல்லோருக்கும் சந்தோஷம், மைனோவைத் தவிர.

"உள்ள போன ஒண்ண ரெண்டு தடவ காட்டுற. நான் தடுத்தது நாலு. ரெண்டுதான் வருது" என்று இன்றுவரை சால்கேவிடம் சண்டை பிடிக்கிறாள்.

என் குறிப்புப்படி அவள் தடுத்தது மூன்று. நான் சொல்லவில்லை.