தம்பியின் விரல் பட்ட பந்து

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் மூன்று நாளாகக் கிடக்கிறது. என் வீட்டில் எலுமிச்சைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. சாதத்துக்கோ ஊறுகாய்க்கோ வந்த அன்றைக்கே போய்விடும். இதை மட்டும் வெட்டவும் மனம் வரவில்லை, எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஒரு பழத்தைப் பார்த்து இந்த வயதில் பயப்படுகிறேன் என்றால் மருமகள் சிரிப்பாள். அதனால் அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கூடைப்பந்து நடுவராக இருந்தவர். பிழைப்புக்குத் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் டைப் அடிக்கும் வேலை. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் விசில். அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. இதை அவர் இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், முதலாளி இருமினால் பயம். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் இன்னொரு தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு வருவார். அப்படிப்பட்டவர் வெள்ளைக் கால்சட்டையும் கான்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டால், ஆறடி ஆட்களைப் பார்த்து வெளியே போ என்று கை காட்டுவார். அது எப்படி என்று கேட்டால், "அங்க நானா பேசுறேன்? புஸ்தகமில்ல பேசுது" என்பார். பழுப்புத்தாளில் அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அவருடைய தைரியம் முழுக்க அதற்குள்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வீட்டின் கொல்லையில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. அடி பிய்ந்துபோன சல்லடை ஒன்றைக் கூடைப்பந்து வளையம்போலக் கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, என்னை எலுமிச்சம்பழம் எறியச் சொல்லுவார். ஒரு முறை சல்லடையைக் குறி பார்த்து எறிய வேண்டும். ஒரு முறை சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைக் கூட்டாளியாக நினைத்துக்கொண்டு எறிய வேண்டும். எதை நினைத்து எறிந்தேன் என்பதைப் பழம் கீழே விழுவதற்குள் அவர் சொல்லிவிடுவார். ஒன்றுகூடத் தப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, புருஷனும் பொண்டாட்டியும் பழத்தை வீணாக்குகிறீர்களே என்று அங்கலாய்ப்பாள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பிடித்துப்போய்விட்டது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவர் எறிய, நான் சொல்ல ஆரம்பித்தேன்.

பந்து வளையத்துக்குள் விழுந்தால் புள்ளி, இதில் என்ன பெரிய வித்தை என்று நானும் நினைத்திருந்தேன். அவர்தான் பொறுமையாக விளக்குவார். எதிராளியின் கை பட்டுத் திசை மாறி விழுந்தாலும் எறிந்த அணிக்குப் புள்ளி உண்டு. கூட்டாளிக்கென்று போட்ட பந்து எவன் கையிலோ பட்டு வளையத்துக்குள் போய்விட்டாலும் உண்டு. இதுவரைக்கும் சுலபம். சிக்கல் எல்லாம் ஆட்ட நேரம் முடிகிற இடத்தில்தான். பந்து காற்றில் போய்க்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டால், வளையத்தைக் குறிவைத்து எறிந்தது, அதாவது ஷாட், உயிரோடு இருக்கும். வழியில் எதிராளியின் விரல் பட்டிருந்தாலும் உள்ளே விழுந்தால் இரண்டு புள்ளி. கூட்டாளிக்குப் போட்டது, அதாவது பாஸ், மணி அடித்த நொடியே செத்துவிடும். பிறகு அது யார் கையில் பட்டு எங்கே விழுந்தாலும் கணக்கில்லை. ஆக, எறிந்தவன் மனதில் என்ன இருந்தது என்பதை நடுவர் சொல்லியாக வேண்டும். "பட்டது யாரு கைன்னு பாக்காத. கையை விட்டப்ப அது என்னவா இருந்துச்சுன்னு பாரு" என்று அவர் சொல்லுவார். மணிக்கட்டையும் கண்ணையும் பார்க்க வேண்டுமாம். ஷாட் அடிப்பவனின் மணிக்கட்டு கடைசியில் மடங்கும், கண் வளையத்தில் இருக்கும். பாஸ் போடுகிறவன் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவான், கண் ஆளைத் தேடும்.

என் தம்பி அப்போது எங்களோடு இருந்தான். நல்ல உயரம். கன்னிவாடிப் பக்கம் பிறந்த ஊரில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது கொஞ்சம் வானம் பார்த்த நிலமும், அப்பா போனபின் படுத்த படுக்கையான அம்மாவும்தான். அவன் திண்டுக்கல்லில் ஒரு அணியில் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் கோடைப் போட்டியில் கோப்பை ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரை மில்லில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு மேனேஜர் சொல்லியிருந்தார். தம்பிக்கு ஒரு இடம் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜெயித்தால் மில், தோற்றால் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் அவன் வாழ்க்கை அன்றைக்கு.

மச்சினன் ஆடுகிற ஆட்டத்துக்கு விசில் ஊத மாட்டேன் என்று இவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் கடைசி ஆட்டத்துக்கு மதுரையிலிருந்து வரவேண்டிய நடுவர் வரவில்லை. கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. போட்டி நடத்தியவர்கள் வீட்டுக்கே வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். அவருக்கும் புரிந்தது. ஆனாலும் மறுத்துப் பேசவும் பயம் அவருக்கு. ஷூவை மாட்டும்போது கயிறு இரண்டு முறை கையை விட்டு நழுவியது.

எதிரணி மேற்கேயிருந்து வந்தது. கூடவே இரண்டு லாரி நிறைய ஆட்கள். ரோட்டோரமாக லாரியை நிறுத்தி, சிலர் கையில் கம்போடு அதன்மேல் ஏறி நின்றார்கள். நான் பெண்களோடு மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் லாரியில் வந்தவர்களில் ஒருவர், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர், இவரிடம் வந்து கும்பிட்டுவிட்டுப் பேசியது என் காதில் நன்றாக விழுந்தது. "ஏனுங்க சார், அந்த நெட்டைப் பையன் உங்க மச்சினனாமுங்க? பாத்து ஊதுங்க. எல்லாருமே பத்திரமா வீட்டுக்குப் போகோணுமில்லீங்க?" குரலில் கோபம் துளிகூட இல்லை. அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது தோன்றியிருக்கும்.

ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குச் சாதகமாக ஒரு விசில் விழுந்தால் லாரிப் பக்கமிருந்து ஊளை கிளம்பும். தம்பி பந்து போட்டால் சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. தம்பி ஜெயிக்க வேண்டும், இவர் முழுசாக வீடு வர வேண்டும். இரண்டையும் ஒரே சாமியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கினேன்.

கடைசி நிமிடத்தில் தம்பியின் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து எதிரணியிடம். கோட்டோரமாக நின்ற குட்டையான ஒருவன், வளையத்தடியில் கை தூக்கி நின்ற தன் ஆளைப் பார்த்தான். நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் பந்தைத் தள்ளினான். பந்து காற்றில் இருக்கும்போதே, வேப்பமரத்தில் மணியாகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டை அடித்துவிட்டார்கள். நேரம் முடிந்தது. தம்பி எம்பினான். அவன் விரல் நுனியில் பட்ட பந்து பலகையில் மோதி வளையத்துக்குள் விழுந்தது.

பாஸ். சந்தேகமே இல்லை. சல்லடையும் அண்டாவும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. மணி அடித்ததும் அது செத்த பந்து. தம்பி ஜெயித்துவிட்டான். ஆனால் அது சரியான தீர்ப்பு என்று அங்கே என்னைத் தவிர ஒருவரும் நம்பப்போவதில்லை. மச்சினன் தட்டிய பந்து, மச்சினன் அணிக்கு வெற்றி, சொன்னவர் அக்காள் புருஷன். லாரியிலிருந்து ஆட்கள் குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நடுவர் சின்னப் பையன், மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு இவரைப் பார்த்தான். விசில் இவர் வாயில் இருந்தது, ஊதவில்லை. ரோட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். ஷாட். இரண்டு புள்ளி. தம்பி தோற்றான்.

ஒரு கணம் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை இன்றைக்கு ஒளிக்க விரும்பவில்லை. அடி விழாது, அவர் வீட்டுக்கு வருவார் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் தம்பியைப் பார்த்தேன். அவன் கூட்டாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விதி தெரியாததால் சும்மா நிற்கிறான் என்று நினைத்தேன். அந்த வேட்டிக்காரப் பெரியவர் வந்து இவர் கழுத்தில் மாலை போட்டார். "மச்சினன்னு பாக்காம நாயஞ் சொன்னீங்க. நீங்க மனுசனுங்க" என்றார்.

அதன் பிறகு ஊரே அதைச் சொன்னது. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், சொந்த மச்சினன் என்றும் பார்க்காமல் நியாயம் சொன்னவர் என்று இவரைக் காட்டிப் பேசுவார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் தலை இன்னும் கொஞ்சம் தாழும். அடக்கம் என்று அதற்கும் பாராட்டு. விசிலை அதோடு தொடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். கொல்லைச் சல்லடையை ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கழற்றி எறிந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நீ பார்த்தாயா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். நான் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம்.

மில்லுக்கு எதிரணியிலிருந்து இரண்டு பேர் போனார்கள். தம்பி ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, கேரளத்துக்கும் இங்குமாக ஓடி முதுகைத் தேய்த்துக்கொண்டான். இப்போது நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். ஒவ்வொரு தடவையும் அவன் அப்படி உட்காருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டு விரல் ஞாபகம் வரும்.

இவர் போவதற்கு ஒரு வாரம் முன்னால், படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தா, அன்னைக்கு நீ பாத்தியா?" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன் என்றேன். "பாஸுதானே?" "பாஸுதாங்க." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தம்பிகிட்டச் சொல்லிரு. எனக்குப் பயமாருக்கு, நீயே சொல்லிரு" என்றார்.

அவருக்கு வருஷத் திதியே வந்துவிட்டது, நான் சொல்லவில்லை. மூன்று நாளுக்கு முன் தம்பி வந்தான். வெயிலில் வந்தவனுக்கு ஜூஸ் போடலாம் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் என் வாயை என்னால் கட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் எழுந்து வந்து என் கையிலிருந்த பழத்தை வாங்கி, உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்க்கா" என்றான். "என் விரல்ல பட்ட பந்து பாஸுன்னு எனக்குத் தெரியாதா? மச்சான் ரெண்டு விரலத் தூக்குனப்ப கை அம்புட்டு நடுங்குச்சு. அதப் பாத்துட்டுத்தான் நான் வாயத் தொறக்கல."

"அப்பறமாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

அவன் பழத்தை மேசைமேல் வைத்தான். "சொல்லியிருந்தா நீ யாரு பக்கம்க்கா நின்னுருப்ப? எனக்கு அம்புட்டு வருசமும் அதுதான் பயம்."

ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். ஜூஸ்கூடக் குடிக்கவில்லை. யார் பக்கம் நின்றிருப்பேன் என்று மூன்று நாளாக யோசித்தும் ஒன்றும் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறான். பழம் அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது.