கூரை ஏறிய சரக்கு

ஐப்பசி மழை பிடித்தால் எனக்கு இப்போதும் அலுப்புத்தான் முதலில் வருகிறது. மழையை ரசிப்பவர்கள் ரசித்துக்கொள்ளட்டும். தோட்டத்துக் கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் சட்டியையும் வாளியையும் ஒழுகும் இடம் பார்த்து வைக்கிற வேலை, அவ்வளவுதான்.

பெரகல சந்திக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் சின்னப் பிள்ளை. அந்த வருசம் அம்மாவும் லயத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து, பழைய பிளாஸ்டிக் சேர்த்து விற்கும் குழு ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் போத்தலும் யோகட் கோப்பையும் பொறுக்குவார்கள். ஆனால் நல்ல விலைக்குப் போவது அதெல்லாம் இல்லை. பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் தக்காளிக்குக் கூடாரம் போட்டுவிட்டுக் கழித்துப்போடும் பெரிய பொலித்தீன் விரிப்புகள்தான். அவற்றைச் சுமந்து வந்து, ஓடையில் கழுவி, தேயிலைச் செடிகளின் மேல் காயப்போட்டு, அதற்காகக் கங்காணியிடம் ஏச்சும் வாங்கி, பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் அடுக்கினார்கள். ஒருகாலத்தில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன இடம் அது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தவர். திருவிழாவுக்கு வந்தவரை அம்மா பிடித்து நிறுத்தி, மூட்டை கட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டாள். "இங்கயே ஒரு வேல அமஞ்சா நீ எதுக்குடா அங்க போயி எச்சிக் கோப்ப கழுவணும்?" என்பாள்.

அந்த வேலை நிலைக்க ஒரு லொறி நிறையச் சரக்கு வேண்டும். சரக்கு எடுக்கும் பண்டாரவளை முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், முன்கூட்டியே சொல்லிவிட்டார். "லொறி நெறஞ்சாத்தான் தங்கச்சி. இல்லாட்டி இந்த மேடு ஏறி எறங்குற டீசலுக்கே கட்டாது. பொறகு வேற தோட்டத்தப் பாத்துக்குவேன்." லொறி நிறைந்தால் மாமா இருப்பார், இல்லாவிட்டால் போய்விடுவார். வீட்டில் இதே பேச்சுத்தான். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

லொறி வரவேண்டிய வாரம் பார்த்து மழை பிடித்தது. காற்றில் பழைய தகரங்கள் பெயர்ந்தன. லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இருந்தாள். அவள் புருசன் நனைந்துகொண்டே எங்கள் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, புள்ள மேலயே சொட்டுது. ஒரே ஒரு விரிப்பு குடுங்க. மழ விட்டதும் கழட்டித் தந்துர்றேன்."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீடு சும்மா இருக்குமா? லயத்தில் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் அத்தை, சித்தி, மச்சான். யாரை இல்லை என்பது? மாமாவே கூரை கூரையாக ஏறி விரிப்புகளை வெட்டிப் போட்டு, காற்று தூக்காமல் கல்லும் பழைய டயரும் வைத்தார். அதையும் விசிலடித்துக்கொண்டே செய்தார், மகராசன். குழுவிலிருந்த பெரியம்மா வந்து கத்தினார்.

"தனக்கு மிஞ்சித்தான்டி தானம்! எல்லாரும் சேந்து கழுவுனத நீ எப்புடி அள்ளிக் குடுப்ப?"

கத்தி முடித்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா" என்றாள். கடைசியாக மிஞ்சிய விரிப்பு எங்கள் கூரைக்கு வந்தது.

லொறி வந்தது. நானா பிள்ளைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் கொஞ்சம் போத்தல் மூட்டைகள், யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"சரக்கு எங்க தம்பி?"

மாமா மேலே கை காட்டினார். லயம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. நானாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம், எல்லோரையும்விட நான் அதிகமாகச் சிரித்தேன். பிறகு அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் என்னா செய்ய? கூரையவா கழட்டி ஏத்த?" என்றபடி இருந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த லொறி எங்கள் மேட்டுக்கு ஏறவே இல்லை. மழை விட்டும் யாரும் விரிப்பைக் கழற்றித் தரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அடுத்த மழை வராமலா போய்விடும்?

மாமா கொழும்புக்குப் புறப்பட்ட காலையும் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் காம்பராவில் சட்டியும் இல்லை, வாளியும் இல்லை. தரை காய்ந்து கிடந்ததில் எனக்கு ஒரே பெருமை. வரும்போது சொக்லட் வாங்கி வரச் சொல்லி, வளைவு வரைக்கும் மாமாவின் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி, கையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு நேரமாகியிருந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கட்டாமல் கையிலேயே பிடித்தபடி, அம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒழுகுகிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"இல்லம்மா, ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன்.