கடைக்காரர் வைத்திருந்த கடவுச்சொல்

செட்டிபாளையத்துக் கைபேசிக் கடைக்காரர்தான் எனக்கு மின்னஞ்சல் முகவரி எடுத்துத் தந்தார். கடவுச்சொல்லையும் அவரே போட்டார். ஒருநாள் கடைக்குப் போனபோது, "அவருக்குக் கட்டாரில வேலை போயிற்றாமே, தங்கச்சி?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். என் கணவர் அதை மின்னஞ்சலில் எனக்கு மட்டுமே எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனக்கு வந்ததை நீங்க ஏன் வாசிச்சீங்க?"

"நீங்க மறந்தா உதவுமெண்டுதான் பாஸ்வேர்ட வச்சிருக்கன்," என்று சிரித்தார்.

கைபேசியை அவர் முன் நீட்டி, "பாஸ்வேர்ட மாத்துற இடத்தக் காட்டுங்க," என்றேன். காட்டினார்.

"இப்ப அங்கால திரும்புங்க."

அவர் சுவரைப் பார்த்து நிற்க, புதிய கடவுச்சொல்லைத் தட்டினேன். பின்னால் நின்ற பெண், "எனக்கும் மாத்தித் தாங்க, அக்கா," என்றாள்.

"சொல்லித் தாறன். நீங்களே மாத்துங்க," என்றேன். கோபம் இன்னும் ஆறவில்லை.