எல்லைக்கு அந்தப் பக்கம் திறந்த லேப்டாப்

சென்ற வருடம் ஓணம் விடுமுறை முடிந்த வாரம் இது நடந்தது. கேரள எல்லையில், பாறசாலையை அடுத்த கிராமத்தில் எங்கள் வீடு. மகள் நர்ஸிங் முடித்து, ஜெர்மன் மொழியும் படித்து, ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஆன்லைன் நேர்காணல். முன்பே பதிவு செய்த லேப்டாப்பில்தான் கலந்துகொள்ள வேண்டும். இரவல் வாங்கினால் செல்லாது.

காலையில் லேப்டாப்பைத் திறந்தால், கறுப்புத் திரையின் நடுவே சிவப்புப் பெட்டி. அதில் 'செக்யூர் பூட் வயலேஷன்' என்று எழுதியிருந்தது. வயலேஷன் என்றால் விதிமீறல். நாங்கள் என்ன மீறினோம்? முந்தின நாள் அது தானாகவே ஏதோ அப்டேட் செய்துகொண்டது, அவ்வளவுதான்.

மகள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, எங்கெங்கோ நுழைந்து, செக்யூர் பூட் என்கிற அந்தப் பாதுகாப்பு அமைப்பை அணைத்தாள். லேப்டாப் திறந்தது. எனக்கு மூச்சு வந்தது. உடனே நேர்காணல் மென்பொருள் தகராறு செய்தது: செக்யூர் பூட் அணைந்திருக்கிறது, அனுமதிக்க முடியாது. சரி என்று மறுபடி போட்டால் அதே சிவப்புப் பெட்டி. அணைத்தால் லேப்டாப் திறக்கும், நேர்காணல் திறக்காது. போட்டால் லேப்டாப்பே திறக்காது. பாதுகாப்பாம். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேலைக்குப் போயிருந்த கணவரை அழைத்தேன். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வாரன்டி இருந்தது. நிறுவனத்தின் எண்ணை அழைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருவழியாக ஆள் கிடைத்தார். உங்கள் லேப்டாப் தமிழ்நாட்டு முகவரியில் பதிவாகியிருக்கிறது, அங்குள்ள எஞ்சினியர் கேரளத்துக்கு வரமாட்டார் என்றார். கேரளத்து அலுவலகத்தைக் கேட்டால், முகவரியை மாற்றவே சில நாள் ஆகுமாம். இது நாங்களே தேடிக்கொண்டது. எல்லையில் குடியிருப்பவர்கள் எதற்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கத்து முகவரியைக் கொடுப்போம். லேப்டாப்பைத் தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்தில் வாங்கியதால், களியக்காவிளையில் இருக்கும் நாத்தனார் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தோம். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

"அப்ப நாங்களே அங்க வாறோம். எஞ்சினியர வரச் சொல்லுங்க" என்றேன்.

ஆட்டோ பிடித்துப் போனால் வீடு பூட்டியிருந்தது. நாத்தனார் தன் மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எஞ்சினியர் வந்தார். முதல் வேலையாகப் பூட்டிய கேட்டைப் படம் எடுத்துக்கொண்டார். "சைட்டுக்கு வந்தாச்சு மேடம். பிளக் பாயின்ட் எங்க?"

லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு ஜூஸ் கடை. முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரரிடம் போய், அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"பொறத்த ஒரு முறி உண்டு அக்கா. பழப்பெட்டிய ஒதுக்கி வச்சிட்டு இருங்க" என்று கடையின் பின்னறையைக் காட்டினார்.

எஞ்சினியர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "பேசாம ஃபார்மேட் பண்ணிரலாம்" என்றார். எப்படியாவது திறந்தால் போதும் என்று நான் தலையாட்டினேன். மகள்தான் நிதானமாக, "வேண்டாம் சார். பதிவெல்லாம் போயிரும். வேற வழி இருந்தா பாருங்க" என்றாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு யாரையோ போனில் கேட்டார். லேப்டாப்புக்குள் சாவிகள் மாதிரி சில உண்டாம். புதிய அப்டேட்டின் கையெழுத்தை அவற்றால் அடையாளம் காண முடியவில்லையாம். அவற்றைப் புதுப்பித்தார். இரண்டு மூன்று முறை அணைந்து எழுந்தபின் லேப்டாப் திறந்தது. நேர்காணல் மென்பொருளும் வாயை மூடிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை.

"நான் இங்கயே இருந்து பேசியேன்" என்றாள் மகள்.

"இங்கயா? இந்த அன்னாசிப்பழ வாசத்திலயா?"

"வாசம் கேமராவில தெரியாதும்மா. நீங்க வெளிய போங்க. முறியில வேற ஆளு நின்னா அதும் வயலேஷன் ஆக்கும்."

வெளியே வந்து நின்றேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினார். கொளுத்தும் வெயிலில் இரண்டு பையன்கள் பைக்கில் வந்து மாம்பழ ஜூஸ் கேட்டார்கள்.

"மிக்ஸி கேடு மக்கா. நாரங்கா வெள்ளம் வேணும்னா பிழிஞ்சு தாறேன்" என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார் கடைக்காரர்.

"போன வாரமில்லியா புதுசு வாங்கினீரு?"

"புதுசுதாம்லே சீக்கிரம் கேடாவும்."

அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். பின்னால் வந்தவர்களும் போனார்கள். நான் சங்கடப்பட்டு ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். பின்னறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவே ஒருமுறை சிரித்தாள். என்னிடம் காலையிலிருந்து அவள் சிரிக்கவில்லை.

"பிள்ள என்ன பாஷையாக்கும் பேசுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஜெர்மன்."

"அப்ப அங்கயா போவுது?"

"ஆமா" என்றேன்.

"தனியாவா?"

நான் பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து பின்னறைப் பக்கம் பார்த்தேன்.

மகள் வெளியே வந்ததும் அவர் மிக்ஸியைப் போட்டுவிட்டார். நான் நன்றி சொன்னது அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா தெரியாது.

வேலை கிடைத்தது. இப்போது அவள் அங்கே இருக்கிறாள். குளிருக்கு என்ன போட்டிருக்கிறாள், என்ன சாப்பிட்டாள் என்று நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நாள் முழுக்க லேப்டாப் திறக்க வேண்டும் என்று மட்டுமே பதறிக்கொண்டிருந்தேன். திறந்தால் அவள் போய்விடுவாள் என்பது, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் கேட்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.