பூங்கா வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று அது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்கள் எல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கம்பத்துக்கும் தேனிக்குமாகப் புகை கக்கிக்கொண்டு போன காலம். எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கம். நான் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. இப்போது எழுதுவதுகூட, எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான்.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி பஞ்சாயத்து போர்டுப் பூங்கா இருந்தது. பெரிய இடமில்லை. கொஞ்சம் புல்தரை, சில கல் பெஞ்சுகள், வேப்பமரங்கள், ஒரு மூலையில் ரேடியோ வைத்த சின்ன அறை. வாசலுக்கு முன்னால் வாய்க்கால் ஓடும். சாயந்தரமானால் யுத்தச் செய்தி கேட்க ஊரே வந்து உட்காரும். போகும்போது கடலைத்தோல், பீடித்துண்டு, வெற்றிலை எச்சில் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். காவல்காரர் பட்டாளத்தில் சேர்ந்து போனபின் கேட்பாரில்லை. ஆடுகள் புகுந்து செடிகளை மொட்டையடித்துவிட்டன. மழை பெய்தால் நாற்றம் எங்கள் அடுப்படி வரை வரும்.

இந்த நிலைமையில்தான், பூங்காவை மூடிவிட்டு அந்த இடத்தில் கரிபஸ்கள் நிறுத்த ஷெட் போடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. ஊரில் மற்றவர்களுக்கு ரேடியோ போய்விடுமே என்று கவலை. எனக்கு வேறு கவலை. என் மனைவிக்கு இளைப்பு நோய். அடுப்புப் புகை பட்டாலே நெஞ்சு விசில் அடிக்கும். விடிந்ததும் அந்த வேப்பமரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு நிதானத்துக்கு வரும். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் பூராவும் கரி மூட்டினால் அவள் என்ன ஆவாள்? குடியிருக்க எங்களுக்கு அந்த ஒரு வீடுதான்.

"போயி ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் அவள்.

நான் போகவில்லை. அவள் தம்பியை அனுப்பினேன். என்னோடு கொடிக்காலில் வேலை செய்பவன். பேச அஞ்சாதவன். போர்டுத் தலைவரை மறித்து, "இந்தப் போகம் அறுப்பு முடியுறவரைக்கும் பூங்காவ எங்க தெருகிட்ட விட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்," என்றான்.

தலைவர் யோசித்தார். "பெரியகுளத்துல இருந்து ஹெல்த் ஆபீசர் வாராக. அவுக பாத்துட்டு இருக்கட்டும்னா இருக்கட்டும். மூடுன்னா மூடிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார்.

அன்றிலிருந்து தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டோம். பெருக்கினோம், குப்பைக்குக் குழி வெட்டினோம், அகத்திக் கம்புகளை நட்டு வேலியைச் சரிசெய்தோம். எங்களுக்குத் தெரிந்த வேலைமுறை கொடிக்கால் முறைதான். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடுதான் நுழைவோம். உள்ளே எச்சில் துப்ப மாட்டோம். வெற்றிலைக்கொடி கோபித்துக்கொண்டு அழுகிவிடும் என்பார்கள். யாராவது புது ஆள் செருப்போடு வந்தால், உள்ளே வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "செருப்பு, செருப்பு" என்று குரல் கொடுப்பார்கள்.

இந்தப் பழக்கம் எங்களோடு பூங்காவுக்குள்ளும் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் போனவர்கள் காலைக் கழுவிக்கொண்டு நுழைந்தார்கள். சாயந்தரம் ரேடியோ கேட்க வந்தவர்களைப் பார்த்து, "செருப்பு" என்று குரல் கொடுத்தார்கள். எங்களில் பாதிப்பேருக்குச் செருப்பே கிடையாது. செருப்புப் போட்டவர்கள் கடைக்காரர்களும் வியாபாரிகளும்தான். முதலில் முணுமுணுத்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து வெற்றிலை வாங்க வரும் பாய் மட்டும் சிரித்துக்கொண்டே கழற்றினார்.

"தொழுகைக்கு ஒருக்கா கழட்டுறேன், உங்க கொடிக்காலுக்கு ஒருக்கா கழட்டுறேன், இப்ப ரேடியோவுக்கும் கழட்டச் சொல்றீக. பேசாம இதை வித்துர வேண்டியதுதான்."

"வித்தா சொல்லுங்க பாய், நான் வாங்கிக்கிறேன்," என்றான் என் மைத்துனன்.

"வாங்கி என்ன செய்வ மாப்ள? நீயும் இங்கனதான கழட்டணும்?"

சில நாளிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. துப்புவது நின்றுபோயிருந்தது. வெறுங்காலோடு நடக்கிறவன் நடக்கிற இடத்தில் துப்புவதில்லை, பீடியை நெருப்போடு போடுவதில்லை. பக்கத்தில் ஒருவர் துப்பப் போனாலும் நாலு பேர் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு அதட்டினார்கள். புல் பச்சை பிடித்தது. என் மனைவியோடு வேறு பெண்களும் காலையில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

ஹெல்த் ஆபீசர் வருகிற நாள், எங்கள் வீட்டு முறையாக வந்து வாய்த்தது. பேச வேண்டிய மைத்துனன், வெற்றிலை வாடிப்போகும் என்று முதல் பஸ்ஸில் தேனிச் சந்தைக்குப் போய்விட்டான். அன்று பூங்காவில் நான்தான் நிற்க வேண்டியிருந்தது.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்," என்றாள் என் மனைவி. முந்தின நாள் மழை பெய்ததில் அவளுக்கு இளைப்பு அதிகமாகியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். "விளக்கமாத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. பேசுறத தலைவர் பாத்துக்கிருவாக."

தலைவர் முன்னதாகவே வந்து சுற்றிப் பார்த்தார். திருப்திதான். வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏலே, ஆபீசர்கிட்டச் செருப்பு கிருப்புன்னு வாயத் தொறந்துறாத. கோவிச்சுக்கிட்டுப் போனாகன்னா எல்லாம் பாழாப் போகும்," என்றார். நான் தலையாட்டினேன். பெரிய ஆபீசரிடம் காலில் இருப்பதைக் கழற்று என்று யார் சொல்வார்கள்?

குதிரை வண்டியில் வந்து இறங்கினார் ஆபீசர். அரை நிஜார், தலையில் தொப்பி, கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ். வாய்க்கால் மேலிருந்த சின்னப் பாலத்தைத் தாண்டி, வாசலுக்குள் வைக்க ஒரு காலைத் தூக்கினார். நான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் காதில் விழுந்ததும், கொடிக்காலில் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"செருப்பு, செருப்பு."

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"என்னப்பா சொல்றே?" என்றார் ஆபீசர்.

நான் விளக்குமாற்றோடு நிமிர்ந்தேன். தலைவர் குறுக்கே வந்து, "ஒண்ணுமில்லங்க ஐயா. வெவரம் தெரியாத ஆளு. நீங்க உள்ள வாங்க," என்றார். ஆபீசர் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"உள்ளே கோயில் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு?"

வேப்பமரத்தடியில் பெண்கள் எழுந்து நின்றார்கள். என் மனைவி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இனிமேல் சும்மா இருந்தாலும் கெட்டதுதான் என்று தோன்றியது. விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கொடிக்கால்ல செருப்போட போக மாட்டோம்ங்க. இங்கனயும் அதே பழக்கமாயிருச்சு. எல்லாரும் வெறுங்காலாப் போறதால ஆரும் கீழ துப்புறதில்லைங்க. அதான் சுத்தமா இருக்கு. வேற ஒண்ணுமில்லைங்க."

அவ்வளவுதான் நான் பேசியது.

ஆபீசர் செருப்பு வரிசையைப் பார்த்தார். புல்தரையைப் பார்த்தார். பிறகு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முந்தின நாள் மழையில் நனைந்து இறுகிய முடிச்சு லேசில் அவிழவில்லை. தலைவர் உதவக் குனிந்தார். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டார். ஒருவழியாகப் பூட்ஸ் வந்தது. காலுறையில் ஓட்டை. அதன் வழியாகக் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அவரே சிரித்துவிட்டார். "எங்க வீட்டுல இதைப் பாத்திருந்தா இன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது."

காலுறையையும் உருவிப் பூட்ஸுக்குள் திணித்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நடந்தார். நானும் தலைவரும் பின்னால் போனோம். வேலியோரமாகப் போனவர் திடீரென்று நின்று ஒரு காலைத் தூக்கினார். முள்ளோ கண்ணாடித்துண்டோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. நசுங்கிய வேப்பம்பழம். காலைப் புல்லில் தேய்த்துவிட்டு மறுபடியும் நடந்தார். குப்பைக்குழியைப் பார்த்தார். ரேடியோ அறைக்குப் பின்னால், யாரும் போகாத இடத்திலும் போய்ப் பார்த்தார்.

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னார்: "நான் சோதிக்க வேண்டியதை என் காலே சோதிச்சுட்டுது. பூட்ஸோட நடக்கவே அருவருப்பா இருக்கிற பார்க்கெல்லாம் பாத்திருக்கேன். இது இருக்கட்டும். ஷெட்டுக்கு ஊருக்கு வெளியே இடம் பாருங்க."

"நானும் அதத்தான் ஐயா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் தலைவர்.

வண்டி போனது. அவர் உட்கார்ந்த அதே சுவரில் நானும் உட்கார்ந்துவிட்டேன். மனைவி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"பேசத் தெரியாதுன்னு இம்புட்டு வருஷமா என்னைய ஏமாத்திட்டீக," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தாள்.

சந்தையிலிருந்து திரும்பிய மைத்துனனுக்குத் தான் இல்லாமல் போனோமே என்று வருத்தம். "நான் இருந்திருந்தா இன்னும் எடுத்துச் சொல்லியிருப்பேன் மச்சான்," என்றான்.

"நீ எடுத்துச் சொல்லியிருந்தா அவுக பூட்ஸக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருப்பாக," என்றாள் அவன் அக்கா.

கரிபஸ் ஷெட்டை மார்க்கையன்கோட்டை ரோட்டில், வீடுகள் இல்லாத இடத்தில் போட்டார்கள். என் மனைவியின் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆனால் காலையில் போய் மூச்சுவிட அவளுக்கு அந்த இடம் இருக்கிறது. பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு இன்றைக்கும் வார்த்தை வருவதில்லை. அப்போதெல்லாம், நனைந்த முடிச்சோடு பொறுமையாகப் போராடிய அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன். நாம் கேட்கவே பயப்படுகிற ஒன்றை, கேட்டால் செய்துவிடக்கூடிய மனிதராகவும் எதிரே நிற்பவர் இருக்கலாம் என்று தோன்றும். பாதி பயம் போய்விடும்.