தமிழ் பீரோ மீது ஒரு வழக்கு

போன வியாழக்கிழமை நான் ஒரு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். குற்றவாளிக் கூண்டில் நின்றது... ஓர் இரும்பு பீரோ!

பதறாதீர்கள். ஹெப்பகோடியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் லைப்ரரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்திய கோர்ட் அது. அங்கே லைப்ரேரியனாக இருக்கும் மமதா எனக்கு மல்லேஸ்வரத்தில் பக்கத்துத் தெரு. மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது அறிமுகமானவர். கன்னடக்காரர்தான். ஆனால் எங்கள் பக்கம் பாதி வீடு தமிழ் வீடு என்பதால், தமிழும் தடங்கல் இல்லாமல் வரும்.

ஒரு நாள் மெட்ரோவில் என்னைப் பார்த்ததும் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

“பசங்க லைப்ரரிக்கு வர்றாங்க மேடம். எதுக்கு? ஃபேன் நல்லா சுத்துதுன்னு வர்றாங்க! புக்கை மட்டும் தொடறதில்ல. ஏனு மாடோது? என்ன பண்றதுன்னே தெரியல.”

பாவம், அவரும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். புக்மார்க் வரையும் போட்டி வைத்தார். அழகழகாக வரைந்தார்கள். அதைச் செருகி வைக்க ஒரு புத்தகம்தான் யாரும் எடுக்கவில்லை. புத்தகங்களுக்குள் துப்புச் சீட்டு ஒளித்து வைத்துப் புதையல் வேட்டை நடத்தினார். சீட்டு இருந்த பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. ஐந்து புத்தகம் படித்துச் சுருக்கம் எழுதினால் பீட்ஸா என்று அறிவித்தார். சுருக்கத்தை போன் எழுதியது. பீட்ஸாவை இவர்கள் சாப்பிட்டார்கள்!

“இப்ப வேற கழிக்கிற வேலை வந்திருக்கு” என்று பெருமூச்சு விட்டார் மமதா.

லைப்ரரிகளில் அவ்வப்போது நடக்கிற வேலை இது. யாரும் எடுக்காத, காலாவதியான புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து, முதல் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார்கள். அப்புறம் நேராகப் பழைய பேப்பர் கடை.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! “அந்த வேலையைப் பசங்ககிட்டயே கொடுங்களேன்” என்றேன். கழிக்கப்போகும் ஒவ்வொரு புத்தகமும் ஒரு வழக்கு. காப்பாற்ற ஒரு வக்கீல். ‘எதுக்கு இந்தக் குப்பை?’ என்று கேட்க ஓர் அரசு வக்கீல். தீர்ப்புச் சொல்ல ஜூரி. ஜெயித்தால் புத்தகம் மறுபடி ஷெல்ஃபுக்கு. தோற்றால் ஸ்டாம்ப்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒரே ஒரு கண்டிஷன். வக்கீல் அந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சிருக்கணும்!” என்று ஒரு விதியையும் சேர்த்தேன். மமதாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆர்.வி. ரோட்டில் இறங்கி அவர் மஞ்சள் லைனுக்கு மாறிய பிறகும், என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த விதி எப்படித் திரும்பி வந்து என்னையே பிடித்துக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

கோர்ட் அமர்க்களமாக நடந்தது. மமதா கறுப்புத் துப்பட்டா போர்த்திக்கொண்டு நீதிபதி. சுத்தியலுக்குப் பதில் கையில் அந்த ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்தில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் நான். எதிரே ஜூரி – பக்கத்து செக்‌ஷன் பிள்ளைகள். பாம்புகளைப் பற்றிய ஒரு கிழிந்த புத்தகம் பலத்த கைதட்டலோடு உயிர் பிழைத்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் ஒரு பழைய புத்தகம், அதில் இருந்த ஃபிளாப்பி படத்தைக் காட்டியதுமே தோற்றது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசி வழக்குதான் பீரோ.

ஒரு காலத்தில் அந்தப் பள்ளியில் தமிழும் ஒரு பாடமாக இருந்ததாம். பாடம் போய்விட்டது. புத்தகங்கள் மட்டும் ஓர் இரும்பு பீரோவில் தங்கிவிட்டன. இப்போது அங்கே தமிழ் பேசுகிற பிள்ளைகள் உண்டு. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அதனால் மொத்த பீரோவும் ஒரே வழக்கு. தோற்றால் அத்தனையும் சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்கு. அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார பீன் பேக் மெத்தை போடப்போகிறார்கள்.

அரசு வக்கீல் ஆதித்யா எழுந்தான். கண்ணாடி, படிய வாரிய தலை, நல்ல கணீர்க் குரல். ஒரு தமிழ்ப் புத்தகத்தின் கடைசி அட்டையைத் திறந்து ஜூரிக்குக் காட்டினான். தேதி குத்தும் சீட்டு வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“யாரும் எடுத்ததில்லை. இனி எடுக்கவும் ஆள் இல்லை. படிக்க முடியாத புத்தகம் வெறும் காகிதம்தானே, யுவர் ஆனர்?” என்று ஆங்கிலத்தில் முழங்கிவிட்டு உட்கார்ந்தான்.

உண்மையைச் சொல்லட்டுமா? நானே தலையாட்டிவிட்டேன்.

பீரோவுக்கு வக்கீல் எஸ்தர் என்ற பெண். ஒல்லியாக, இரட்டைச் சடை போட்டிருந்தாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். அப்பா டேவிட், கோலார் தங்கவயல்காரர். அங்கே ஒன்பதாவது வரை தமிழில் படித்தவர். இப்போது சந்தாபுராவில் குடியிருந்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஹெப்பகோடி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறார். இதையெல்லாம் அவளே சொல்லித்தான் வாதத்தை ஆரம்பித்தாள்.

“எனக்குத் தமிழ் படிக்க வராது, யுவர் ஆனர். அதனால புக்கை அப்பா பையில வெச்சுட்டேன். அவர் பஸ்ல போகும்போது படிச்சு, வாய்ஸ் நோட் அனுப்புவாரு.”

மமதா முன்பே டேவிட்டிடம் அனுமதி வாங்கி, அந்தப் பதிவை லைப்ரரி கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். எஸ்தர் அதைத் தட்டிவிட்டாள்.

ஸ்பீக்கரில் முதலில் வந்தது ஹாரன் சத்தம். அப்புறம் ஓர் ஆண் குரல். எழுத்துக் கூட்டிக் கூட்டி, தயங்கித் தயங்கிப் படித்தது. “பத்மா... கண்ணா... கண்ணாடி முன்... நின்றாள்.” எஸ்தர் ஒவ்வொரு வரிக்கும் பதிவை நிறுத்தி, ஆங்கிலமும் கன்னடமும் கலந்து ஜூரிக்குச் சொன்னாள். பத்மாவுக்கு நிச்சயம் செய்திருந்த சுந்தரம், படகு கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. இன்று பத்மாவுக்கு வேறொருவனோடு கல்யாணம்.

(புத்தகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் புரியும்.)

நடுவே பஸ்ஸுக்குள்ளிருந்து இன்னொரு குரல். “டேவிட் அண்ணா, சத்தமாப் படிண்ணா. பின்னாடி கேக்கல!” ஜூரியில் சிரிப்பு. பஸ்ஸே உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தது!

எஸ்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “டிராஃபிக் ஜாஸ்தி இருந்தா ஒரு சாப்டர் வரும். இல்லேன்னா அரை சாப்டர்தான். நானும் அம்மாவும் டெய்லி ஜாம் ஆகணும்னு வேண்டிக்குவோம்” என்றாள். பெங்களூரில் இப்படி வேண்டிக்கொள்ளும் ஒரே குடும்பம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவு தொடர்ந்தது. கதையில், கல்யாணப் பந்தலில் நாதஸ்வரம் சட்டென்று நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டேவிட்டின் குரல் இப்போது திக்கவில்லை, வேகமெடுத்திருந்தது. “பத்மா தலையை நிமிர்த்தினாள். பந்தல் வாசலில்... நனைந்த சட்டையோடு... நின்றுகொண்டிருந்தது... ஏ, இரு இரு! ஸ்டாப் வந்துடுச்சு. எஸ்தர் கண்ணு, மீதி நாளைக்கு!”

டொக். பதிவு முடிந்தது.

“ஐயோ!” என்று மொத்த ஜூரியும் அலறியது. தமிழ் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை, எல்லாருமே. ஒரு பையன் பெஞ்சில் ஓங்கிக் குத்தினான்.

“யாரு வந்தது? சுந்தரமா?”

“தெரியாது” என்றாள் எஸ்தர். “நேத்து வந்தது இதான். இன்னிக்கு கேஸ்னு புக்கை நான் எடுத்துட்டு வந்துட்டேன். அதனால அப்பா காலைல சும்மாத்தான் போனாரு. பஸ்ல எல்லாரும் புக் எங்கேன்னு கேட்டாங்களாம்.”

ஆதித்யா துள்ளி எழுந்தான். “அப்ஜெக்‌ஷன்! வக்கீல் முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இவள் முடிக்கவே இல்லை!”

மமதா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். விதி யாருடையது என்று அவருக்குத்தான் தெரியுமே! நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதில் மும்முரமானேன்.

ஆதித்யா நல்ல பையன்தான். ஒரு சமரசமும் சொன்னான். “அந்த ஒரு புத்தகத்தை எஸ்தரே வைத்துக்கொள்ளட்டும். மற்றதெல்லாம் போகட்டும்.”

எஸ்தர் சடை நுனியை இழுத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தமிழிலேயே, என்னைப் பார்த்து, மெதுவாகப் பேசினாள்.

“அப்பாக்கு ஷிஃப்ட் மேம். அவர் வீட்ல இருக்கும்போது நான் ஸ்கூல்ல. நான் வரும்போது அவர் தூங்குவாரு, இல்லாட்டி கெளம்பிடுவாரு. ‘சாப்டியா? ஃபீஸ் கட்டணுமா?’ அவ்ளோதான் நாங்க பேசறது. இப்ப பத்மா பத்தி பேசறோம். அவ அந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டது தப்புன்னு நான் சொன்னேன். அப்பா இல்லைன்னு சண்டை போட்டாரு. எங்கப்பா என்கிட்ட சண்டையே போட்டதில்ல மேம்! இந்தக் கதை முடிஞ்சா அடுத்ததுக்கு நாங்க எங்க போறது?”

தமிழ் தெரிந்த பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் அதைக் கிசுகிசுத்தார்கள். ஒவ்வொரு பெஞ்சாக அறை அமைதியானது.

அந்த அமைதியில்தான் ஜூரியில் ஒரு பெண்ணுக்கு யோசனை தோன்றியது. “மேம்! உங்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே! யார் வந்ததுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க!”

ஆமாம், ஆமாம் என்று ஒரே கூச்சல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் பத்தி எழுதியிருக்கிறேன். என் வாயிலிருந்து அடுத்த வரி வராதா என்று இத்தனை பேர் காத்திருந்து பார்த்ததில்லை. விதிச் சிக்கலையும் நானே தீர்த்த மாதிரி ஆகும். புத்தகத்தை வாங்கினேன். பந்தல் வாசல் எதற்கு... நேராகக் கடைசிப் பக்கத்துக்கே போய்விடுவோம் என்று திருப்பினேன்.

“வேணாம் மேம்!”

எஸ்தர் ஓடிவந்து புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டாள்.

“அப்பா இன்னும் அங்க வரல மேம்.”

நான் புத்தகத்தை மூடினேன். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட மறுபடி கேட்கவில்லை. தாங்கள் பார்த்தே இராத ஒரு மனிதர், பஸ்ஸில் எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்தப் பந்தல் வாசலுக்கு வந்து சேரட்டும் என்று, முப்பது நொடி ரீல்ஸைக்கூட முழுசாகப் பார்க்காத பிள்ளைகள் காத்திருக்கத் தயாராகிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ புத்தக விழா மேடைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு மரியாதை எந்தப் புத்தகத்துக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆதித்யாதான் எழுந்தான். கண்ணாடியைச் சரி செய்துகொண்டான்.

“யுவர் ஆனர்... வழக்கைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். டேவிட் அங்கிள் முடிக்கும் வரை.”

ஜூரி மொத்தமும் கை தூக்கியது. மமதா ரப்பர் ஸ்டாம்பை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். வாய்தா வாங்கியதற்கு இப்படிக் கைதட்டல் வேறு எந்தக் கோர்ட்டிலும் கேட்டிருக்க முடியாது.

வெளியே வரும்போது ஆதித்யா என் பக்கத்தில் நடந்துவந்தான். “எங்க வீட்ல தெலுங்கு, மேம். எங்கப்பா தெலுங்கு படிப்பாரான்னே எனக்குத் தெரியாது. இன்னிக்குக் கேக்கணும்” என்றான். எஸ்தர் கேட் வரை வந்து, ரகசியக் குரலில், “இந்த புக் முடியறதுக்குள்ள அடுத்ததை அப்பா பையில வெச்சுடுவேன் மேம். அப்ப கேஸும் முடியாதுல்ல?” என்று கண்ணைச் சிமிட்டினாள். வக்கீல் என்றால் இவள் வக்கீல்!

பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி என்று நாம் கருத்தரங்கு நடத்துகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், பீட்ஸா வாங்குகிறோம். ஒருவர் படிக்க வேண்டும், இன்னொருவர் ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம் போலிருக்கிறது. இது தெரியாமல் நான் விதி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது மதிய இடைவேளையில் லைப்ரரியில் நிற்க இடமில்லையாம். எஸ்தர் முந்தின நாள் பகுதியைச் சொல்கிறாள். மமதா எனக்கும் அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பிவிடுகிறார். காப்பியை ஆறவிட்டுவிட்டுக் கேட்கிறேன். நேற்று சந்தாபுரா சிக்னலில் பயங்கர டிராஃபிக்காம். ஒரு முழு சாப்டர் வந்திருக்கிறது! புத்தகத்தின் பெயரைச் சொன்னால், நீங்கள் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிடுவீர்களே!

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.